எப்சி பொறுக்கிய கற்கள்

ராஜபாளையத்தில் பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலோ, ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மாடியிலோ, பாஸ்டரின் ஆபீஸிலோ ஒரு நல்ல மீன்தொட்டியைப் பார்த்தால், அதை வைத்துக் கொடுத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். எப்சிதான். மற்றவர்கள் வைக்கிற தொட்டியில் நீலச்சாயம் ஏற்றிய கல்லும், பிளாஸ்டிக் செடியும், வாயைத் திறந்து மூடிக் குமிழி விடுகிற பொம்மை முதலையும் கிடக்கும். எப்சியின் தொட்டிக்குள் ஒரு மலை ஓடையே உட்கார்ந்திருக்கும். பாசி படிந்த கருங்கல், அதன்மேல் வேர்விட்டுத் தொற்றிக்கொண்ட செடி, வெள்ளத்தில் உருண்டு உருண்டு வழுவழுப்பான ஒரு கட்டை, அடியில் பொடி மணல். அதற்குள் சின்ன மீன்கள் போகும், வரும். பல் பிடுங்க வந்தவர்கள் தங்கள் பெயரைக் கூப்பிட்டது தெரியாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எப்சி செட்டியார்பட்டிக்காரி. நர்ஸிங் படித்து, ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தவள். கொரோனா வந்தபோது ஆக்சிஜன் வார்டில் இருந்தாள். அந்த இரண்டு அலையும் ஓய்ந்த பிறகு அவளுக்கு ஊசி போடும்போது கை நடுங்க ஆரம்பித்தது. யாராவது பலமாக இருமினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் யாரும் கவனிக்காமல் பச்சை பிடித்துப்போன ஒரு மீன்தொட்டி இருந்தது. அதற்குள் எப்படியோ ஒற்றை மீன் உயிரோடு இருந்தது. டியூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் அந்தத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் அதைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டார்கள். எப்சி ஒரு ஆட்டோவைப் பிடித்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கூடவே வேலையையும் விட்டுவிட்டு வந்தாள்.

அவள் கணவன் கிளாட்வின் மின்வாரியத்தில் லைன்மேன். "ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு மீனு வளக்கப் போறியா?" என்று கேட்டானே தவிர, மறுநாளே தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு அடித்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். அந்த ஒற்றை மீன் பிழைத்தது. எப்சிக்குத் தூக்கம் வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு தொட்டி, சொந்தக்காரருக்கு ஒரு தொட்டி என்று வளர்ந்து, காந்தி சிலைக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு கடையே போட்டாள்.

கல்லும் கட்டையும் முதலில் சென்னையிலிருந்துதான் வரவழைத்தாள். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு போகிற வழியில் மலையடிவாரத்து ஓடைக்குக் குளிக்கப் போனார்கள். தண்ணீருக்குள் கால் வைத்தவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். பழுப்பும் கறுப்புமாக வரி ஓடிய கல். சென்னைக்காரன் யானைவிலை சொல்லி விற்கிற கல்லை விட அழகு. துப்பட்டாவில் முடிந்துகொண்டு வந்தாள். அடுத்த தடவை ஒரு பை கொண்டு போனாள். அதற்கடுத்த தடவை இரண்டு பை.

அவள் ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. பட்டப்பகலில் போவாள், பட்டப்பகலில் வருவாள். அவளுக்கென்று சில கட்டுப்பாடுகளும் உண்டு. பச்சை மரத்தில் கை வைக்க மாட்டாள். மீன் பிடிக்க மாட்டாள். கீழே கிடக்கிற கல், காய்ந்து விழுந்த கட்டை, அவ்வளவுதான். யாருக்கும் சொந்தமில்லாத பொருள், ஒரு உயிருக்கும் தொந்தரவில்லை என்று மனதார நம்பினாள்.

அந்த நம்பிக்கையில்தான் ஒருநாள் ஓடைக்குள் நின்றுகொண்டு போனில் வீடியோ எடுத்தாள். "கடையில காசக் குடுத்து ஏமாறாதீங்க மக்களே. ஆண்டவர் நம்ம ஊர் மலையில அம்புட்டையும் கொட்டி வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழம ஒரு சாக்கு எடுத்துக்கிட்டு வாங்க, பொறுக்குங்க!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மற்ற வீடியோக்களை அவளுடைய சொந்தக்காரர்கள்தான் பார்ப்பார்கள். இது மதுரை, கோயம்புத்தூர் வரை ஓடியது. கீழே கமெண்டில் வழி கேட்டவர்களுக்கெல்லாம் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று மெனக்கெட்டுப் பதில் போட்டாள்.

அதெல்லாம் நடந்து சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், காக்கி உடுப்பில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அவள் கடைக்குள் வந்தார்கள்.

எப்சிக்கு வாயெல்லாம் பல். முந்தின வாரம்தான் ஒரு அரசாங்க ஆபீஸில் தொட்டி வைத்துக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். ஆபீசுக்கா, வீட்டுக்கா?"

வந்தவர் வனவர் பாண்டிச்செல்வம். அவர் உட்காராமல் நடுவிலிருந்த பெரிய தொட்டியைப் பார்த்தார். "இந்தக் கல்லெல்லாம் எங்கம்மா வாங்குனீங்க?"

"வாங்கவா! ஒண்ணுகூட வாங்கலை சார். அம்புட்டும் நானே பொறுக்குனது. இந்தா, வரி வரியா இருக்கு பாருங்க, இது செண்பகத்தோப்புப் பக்கத்து ஓடை. இந்தக் கட்டைய நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு மைல் தூக்கிட்டு வந்தோம். அந்தப் பாசி இருக்கே, பாறையில இருந்து கத்தியால சுரண்டி, ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்தேன். ஒங்க ஆபீசுக்குன்னா இதவிட நல்ல கல்லா எடுத்துத் தாரேன். அடுத்த ஞாயித்துக்கிழம போவேன்."

கூட வந்த பெண் வனக்காவலர் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டிச்செல்வம் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, நாங்க தொட்டி வாங்க வரலை. வனத்துறையில இருந்து வாரோம். நீங்க கை வச்சது புலிகள் காப்பகம். இப்பச் சொன்னதையெல்லாம் ஆபீஸ்ல வந்து சொல்லணும்."

எப்சி முதலில் சிரித்தாள். ஏதோ கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். அந்தப் பெண் காவலர் தொட்டியை போட்டோ எடுக்க ஆரம்பித்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "கல்லுதான சார்?" என்றாள். பாண்டிச்செல்வம் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். "கல்லுதான?" என்று மறுபடி கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஆஸ்பத்திரியை விட்ட பிறகு நின்றிருந்த கை நடுக்கம் அப்போது திரும்பி வந்தது.

தொட்டியை அவளே காலி செய்ய வேண்டியிருந்தது. மீன்களை ஒரு வாளியில் அள்ளிப் போட்டுவிட்டு, கல்லையும் கட்டையையும் ஈரம் சொட்டச் சொட்டச் சாக்கில் போட்டுக் கொடுத்தாள். சந்தில் கூட்டம் கூடிவிட்டது. சாக்கைப் பார்த்த எதிரிலிருந்த டீக்கடைக்காரர், "என்னது, சந்தனக்கட்டையா?" என்று கேட்டது அவள் காதில் நன்றாக விழுந்தது.

கிளாட்வினுக்குப் போன் போட்டு, அவன் அரக்கப் பரக்க வந்து சேர, இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ரேஞ்சராக இருந்தவர் சிவரஞ்சனி என்ற பெண். எப்சியை விட வயதில் சின்னவர். கத்தவில்லை, மிரட்டவில்லை. வீடியோவை ஓடவிட்டு, "இதுல இருக்கிறது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் மேடம். ஆனா நான் மரம் வெட்டலையே. மான் முயல்னு வேட்டையாடலையே."

"காடுன்னா மரமும் மிருகமும் மட்டும் இல்லைங்க. உள்ள கிடக்கிற கல்லு, மண்ணு, காய்ஞ்ச கட்டை, பாசி எல்லாமே வனப் பொருள்தான். அனுமதி இல்லாம எடுத்தா குத்தம். காப்பகத்துக்குள்ள அனுமதி இல்லாம போனதே குத்தம்."

கிளாட்வின் குறுக்கே வந்தான். "மேடம், குளிக்கப் போறவன் கூழாங்கல்லு எடுக்காமலா வருதான்? எங்கயும் போர்டுகூட இல்லையே?"

"நீங்க இறங்குன எடத்துல இல்லாம இருக்கலாம். அதுக்காகச் சட்டம் இல்லைன்னு ஆயிடாது."

எப்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப வெளிய, காட்டுக்கு வெளிய ஆத்துல எடுத்தா?"

"ஆத்து மணலும் கல்லும் அரசாங்கத்துக்குச் சொந்தம். அது கனிமவளம், தாசில்தார் பக்கம் போகும். கண்மாயின்னாலும் அரசாங்க எடம்தான். உங்க தோட்டத்துல ஒரு கொப்பு ஒடிஞ்சு விழுந்தா எடுத்துக்கோங்க. கல்லுன்னா பில் போட்டு வாங்கிக்கோங்க."

இத்தனை வருஷமாக எப்சி யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துக் குனிந்து எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு உடைமைக்காரர் இருந்திருக்கிறார். தான் கற்றுக்கொண்ட தொழில், வாங்கிய பெயர், எல்லாமே திருட்டு என்கிறார்களா? அந்த வார்த்தையை அவள் மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்க்கத் துணியவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆளை அழைத்து வந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது. எப்சியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"எக்கா! நீங்க வந்துட்டீங்களா? எம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், கேக்க மாட்டேங்காங்க. நீங்களே சொல்லுங்கக்கா. வீடியோல நீங்கதான சொன்னீங்க, பொறுக்கலாம்னு?"

அவன் பெயர் வேல்பாண்டி. மகாராஜபுரத்துக்காரன். தேங்காய் ஏற்ற லோடு ஆட்டோ வைத்திருந்தவன். அவளுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு மீன்தொட்டி வியாபாரியிடம் கல்லும் கட்டையும் கொண்டுவந்து தருவதாகப் பேசி, கடப்பாறையோடு ஓடைக்குள் இறங்கியிருக்கிறான். அன்று விடியற்காலை வண்டி நிறையக் கல்லோடு பிடிபட்டவன், தன்னைக் காப்பாற்றத்தான் எப்சி புறப்பட்டு வந்திருக்கிறாள் என்று நம்பிவிட்டான்.

எப்சியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. முந்திக்கொண்டு பேசியவன் கிளாட்வின்தான்.

"ஏலே, யாருலே நீ? அவளுக்கும் ஒனக்கும் என்ன சம்பந்தம்?"

வேல்பாண்டி கிளாட்வினைப் பார்த்தான், எப்சியைப் பார்த்தான். முகம் மெல்ல மெல்ல வாடியது. "எக்கா..." என்று இன்னொரு தடவை கூப்பிட்டான். அதற்குள் அவனை வாசலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கோர்ட்டுக்குப் போக ஜீப் நின்றது.

அன்று சாயங்காலம் எப்சி கல் எடுத்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று கூட்டிப் போனார்கள். கடை வேலையில் அவள் அந்தப் பக்கம் வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் தெரிகிற பாதை. ஒரு மருத மரம், அதைத் தாண்டி ஒரு சரிவு, இறங்கினால் இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு கசம், அதைச் சுற்றிப் பாசிப்பாறைகள். எப்சி சரிவில் இறங்கி நின்றாள். பிறகு திரும்பி மேலே வந்தாள்.

"இது இல்ல சார். எடம் மாறி வந்துட்டோம்."

"இதுதாம்மா," என்றார் பாண்டிச்செல்வம்.

"இல்ல சார், அங்க ஒரு கசம் இருக்கும். கல்லுக்கு அடியில அயிரை மீனு குட்டி குட்டியா..."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் மருத மரத்தைப் பார்த்தாள். அதே மரம்தான். அதன் வேர்ப்பக்கம் மண் சரிந்து, வேர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. கீழே கசம் இல்லை. கரைக்கு அணையாகக் கிடந்த கற்களை ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போனதில் தண்ணீர் ஒரு பக்கமாக உடைத்துக்கொண்டு ஓடிவிட்டது. நடுவில் குழி குழியாகச் செம்மண் சேறு. பாறைகளில் பாசி சுரண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பிய்ந்த சாக்கு, தண்ணீர்ப் பாட்டில், பிஸ்கட் கவர், ஒற்றைச் செருப்பு. வண்டி ஏறி இறங்கிய தடம் கரை வரை வந்திருந்தது. வேல்பாண்டி ஒருவன் வந்து செய்த வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பேர் வந்தார்களோ!

எப்சி சேற்றுக்குள் இறங்கினாள். ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் நாலைந்து அயிரை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கொரோனா வார்டில் எத்தனையோ சாவைப் பார்த்தும் கத்தாதவள், அந்த இடத்தில் நின்று "ஐயோ, ஆண்டவரே!" என்று கத்திவிட்டாள். காவலர் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ரெண்டு பைதான எடுத்தேன்," என்று எப்சி அவரிடம் சொன்னாள். "ரெண்டு பைதான்."

திரும்பி வந்ததும் அவள் நேரே ரேஞ்சரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேடம், அந்தத் தம்பி சொன்னது நெசம். நான்தான் எடுக்கலாம்னு சொன்னேன். வழி கேட்டவங்களுக்கெல்லாம் வழியும் சொன்னேன். அதையும் எழுதிக்கிடுங்க."

கிளாட்வின் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "ஏட்டி, செத்த நேரம் சும்மா இரேன்!"

சிவரஞ்சனி பேனாவை வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க. எழுதினா உங்களுக்கு நல்லதில்ல. எழுதினாலும் அவர் மேல இருக்கிற கேஸ் குறையாது. வண்டி கொண்டுபோய்த் தோண்டினது அவர்தானே," என்றார்.

"பரவால்ல மேடம். எழுதுங்க."

எழுதிக்கொண்டார்கள். கொஞ்சமாக எடுத்ததாலும், கேட்டதும் ஒப்புக்கொண்டதாலும், இதற்கு முன்னால் வழக்கு எதுவும் இல்லாததாலும் எப்சிக்கு அபராதத்தோடும் எழுத்து மூலமான எச்சரிக்கையோடும் விட்டார்கள். வேல்பாண்டி ரிமாண்டில் போனான். அவனுடைய லோடு ஆட்டோவை ஆபீஸ் வளாகத்தில் ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எப்சி வீடியோவை அழித்தாள். அழித்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தாள். மறுநாள் பல் டாக்டர் போன் பண்ணி, "எப்சி, உங்க வீடியோ எனக்கு இப்பதான் வந்துச்சு," என்றார். யார் யாரோ அதை வெட்டி, பாட்டுப் போட்டு, தங்கள் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். ஒன்றில் அவள் முகம்கூட இல்லை. குரல் மட்டும் "வாங்க, பொறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு வீடியோ போட்டாள். நான் சொன்னது தப்பு, யாரும் போகாதீர்கள், கல் எடுத்தால் கேஸ் ஆகும், ஓடை செத்துப்போகும் என்று அழாத குறையாகப் பேசினாள். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் ஒருவன், "வேற எந்த ஓடைல கேஸ் போடமாட்டாங்க அக்கா?" என்று கேட்டிருந்தான்.

இரண்டு நாள் அவள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்றான் கிளாட்வின்.

"மகாராஜபுரத்துக்கு."

"போயி?"

"தெரியலங்க. போகணும்."

வேல்பாண்டியின் மனைவி அனுசியா, எப்சி தன் பேரைச் சொன்னதுமே ஆளைத் தெரிந்துகொண்டாள். திட்டவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. "உள்ள வாங்க," என்று கூப்பிட்டுப் பாயை விரித்தாள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருப்பதைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் வேண்டும், வீட்டு வரி ரசீது உள்ள ஆளாக வேண்டும் என்று வக்கீல் சொன்னாராம். சொந்தத்தில் கேட்டவர்களெல்லாம் புலிகள் காப்பகக் கேஸ் என்றதும் பயந்து விலகிவிட்டார்களாம்.

செட்டியார்பட்டியில் எப்சியின் அப்பா அவள் பேரில் எழுதி வைத்த வீடு ஒன்று இருந்தது. வீடு திரும்பிய எப்சி அதைப் பற்றிப் பேச்செடுத்ததும் கிளாட்வின் குதித்தான்.

"மொகந் தெரியாத ஆளுக்கு நம்ம வீட்டக் காட்டி ஜாமீனா? நாளைக்கு அவன் ஓடிப் போனா?"

"மொகந் தெரியாத ஆளுதான் என் பேச்ச நம்பி உள்ள கெடக்கான்."

அவன் கோபத்தில் சாப்பிடாமலேயே வேலைக்குப் போனான். ஆனால் ஜாமீன் கொடுக்கப் போன அன்று லீவு போட்டுவிட்டு, பைக்கில் அவளைக் கொண்டுவந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் இறக்கி விட்டவனும் அவன்தான். "இங்கனயே நிக்கேன். முடிச்சுட்டு வா," என்றான்.

ஜாமீன் கிடைத்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. வண்டி இன்னும் திரும்பி வரவில்லை. வேல்பாண்டி கூமாப்பட்டியில் ஒருவருடைய டிராக்டரை ஓட்டுகிறான். எப்சி கடையைத் திறந்துவிட்டாள். டைல்ஸ் கடையில் பில்லோடு வாங்கிய கல்லையும், அப்பா தோட்டத்துக் கொய்யாக் கொப்பையும் வைத்துத் தொட்டி அமைக்கிறாள். முன்பு போல இல்லை என்று சிலர் முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். ஆமாம் என்று ஒத்துக்கொள்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஒரு கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கிற வேலைக்கும் போகிறாள்.

ஜாமீன் வாங்கின அன்று, உத்தரவு கைக்கு வருவதற்காகக் காத்திருந்தபோது, எப்சியும் அனுசியாவும் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எப்சி தான் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

அனுசியா குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவிய மொதல்ல யோசிச்சாகக்கா," என்றாள். "காட்டுக்குள்ள போயி எடுக்கலாமான்னு என்கிட்டதான் கேட்டாக. நான்தான் ஒங்க வீடியோவ மறுபடி போட்டுக் காட்டுனேன். இந்தக்கா எம்புட்டுச் சிரிச்ச மொகமாச் சொல்லுது, தப்பா இருந்தா இப்பிடிச் சிரிக்குமான்னு சொன்னேன்."

எப்சி பாட்டிலை வாங்கி மூட முயன்றாள். மூடி கையில் நிற்காமல் நழுவிக் கீழே உருண்டது. அனுசியாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.